பொறுமையை யாருக்குப் போதிப்பது? — ஜப்பானைக் குறித்த சில நூல்களைக் கற்றதில் எழுந்த சிந்தனை



நூல் என்னும் சொல்லுக்கு நம் தமிழில் இரு பொருள்கள் உண்டு. பஞ்சிலிருந்து திரிக்கப்படுவதும் நூல். அறிவிலிருந்து ஆக்கப்படுவதும் நூல். நம் வாழ்வின் முற்பகுதி முதல் நூலோடு கழிந்தது. பதினாறாம் வயதில் பஞ்சாலைக்குள் புகுந்த நாம், ஆலை மூடப்பட்ட நாள் வரையில் ரிங் பிரேமின் முன் நின்று அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டிருந்தோம். இரண்டாவது நூல் பிற்பாடே நம் கைக்கு வந்தது. பள்ளிப்படிப்பு அதிகமில்லாத நாம், அகராதியை ஒரு பக்கமும் புத்தகத்தை மறு பக்கமும் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று கற்றோம். ஆகையால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஆலைப் பழக்கம் நம்மை விடுவதில்லை. பளபளப்பைக் கண்டு நூலை மதிப்பிடும் தொழிலாளி எவனுமில்லை. இரு விரல்களால் இழுத்து, எங்கே மெலிந்திருக்கிறது, எவ்விடத்தில் அறுகிறது என்றே பார்ப்பான்.

சென்ற சில ஆண்டுகளாக ஜப்பான் தேசத்தின் வரலாற்றையும் பண்பாட்டையும் சமூகத்தையும் பற்றிய நூல்கள் சிலவற்றை இவ்வாறு இழுத்துப் பார்த்தோம். அவற்றுள் ஒன்று நம்மையே இழுத்துப் பார்த்துவிட்டது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஜப்பானின்மீது நமக்கு இயல்பாகவே பற்று உண்டு. ஆறாம் நூற்றாண்டில் கொரியாவின் பேக்சே நாட்டு வழியாக அங்கு சென்றடைந்த பகவானின் தம்மம் இன்றளவும் அந்நாட்டில் நிலைத்திருக்கிறது. பிறந்த நாட்டில் துரத்தப்பட்ட தம்மத்தைப் பாதுகாத்துவைத்த வீடுகளில் ஒன்றாக அதை நாம் கருதுகிறோம். சாதிக் கொடுமையிலிருந்து விலகித் தம்மத்தைத் தழுவிய நம் மக்களுக்கு, "பௌத்த நாடு" என்ற சொல்லே ஒரு நிழல்மரம் போன்றது. ஆயின் மரத்தின்மீது அன்பு கொண்டவன் அதன் வேரைப் பார்க்க அஞ்சலாகாது.

முதலில் நம் கைக்குக் கிடைத்தவை ஜப்பானியரே ஆங்கிலத்தில் எழுதிய இரு சிறு நூல்கள். நிடோபே இனாஸோ என்பவர் 1900-இல் வெளியிட்ட "புஷிதோ" ஒன்று; ஒகாகுரா ககுஸோ 1906-இல் வெளியிட்ட "தேநீர் நூல்" மற்றொன்று. ஒகாகுரா நம் நாட்டிற்கும் வந்தவர். 1901, 1902 ஆண்டுகளில் இங்குத் தங்கி, கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாருடன் நட்புப் பூண்டவர். இவ்விருவரும் மேல்நாட்டார் ஜப்பானை இகழாதிருக்கவேண்டும் என்ற நோக்கத்துடன் எழுதினர். அடிமைப்பட்ட ஆசியாவில் அந்நோக்கம் தவறன்று. ஒரு கிண்ணம் தேநீரைக்கூடக் கவனத்தோடு பருகலாம், சிறிய பொருளையும் மரியாதையோடு கையாளலாம் என்று ஒகாகுரா கற்பிக்கும்போது நம் உள்ளம் உருகுகிறது.

எனினும் இழை அறுகின்ற இடம் ஒன்றுண்டு. புஷிதோ நூல் ஜப்பானின் ஆன்மாவைக் காட்டுவதாகக் கூறி, ஸாமுராய் என்னும் வாளேந்திய வகுப்பாரின் ஒழுக்கத்தை எடுத்துரைக்கிறது. அவ்வகுப்பாரோ மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைந்தவர். மற்றைத் தொண்ணூறு பேருக்கு ஆன்மா இல்லையா? தேயிலையைக் கொழுந்து கிள்ளியவள் எங்கே? கிண்ணத்தைச் சுட்டவன் எங்கே? வாளின் உறைக்குத் தோல் பதனிட்டவன் எங்கே? இவ்வினாக்களுக்கு அந்நூல்கள் வாய் திறவா.

அடுத்து, ரூத் பெனடிக்ட் என்னும் அமெரிக்க அம்மையார் 1946-இல் வெளியிட்ட "செவ்வந்தியும் வாளும்". ஜப்பானுடன் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க அரசின் போர்த் தகவல் இலாகா 1944-இல் இவ்வம்மையாரிடம் ஜப்பானியரை ஆராயும் பணியை ஒப்படைத்தது. அவர் ஜப்பானுக்குச் சென்றதேயில்லை. அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியரிடம் பேசியும், புத்தகங்களைப் படித்தும், திரைப்படங்களைப் பார்த்தும் எழுதினார். பகைவனையும் புரிந்துகொள்ள முயன்ற அவ்வுள்ளம் போற்றுதற்குரியது. ஜப்பானியர் வாழ்வில் "ஓன்" என்னும் நன்றிக்கடன் எவ்வளவு ஆழமானது என்று அவர் விளக்குகிறார். பெற்றோருக்குக் கடன், ஆசிரியருக்குக் கடன், எசமானருக்குக் கடன், சக்கரவர்த்திக்குக் கடன். மனிதன் கடன்பட்டவனாகவே பிறக்கிறான் என்ற எண்ணம்.

ஆயினும் இந்நூலும் ஒரு நாட்டார் அனைவரையும் ஒரே அச்சில் வார்க்கிறது. கடனைக் கொடுத்தவனுக்கும் அதைச் சுமந்தவளுக்கும் அந்தக் கடன் ஒன்றாகவா தோன்றியிருக்கும்? இவ்வினாவோடுதான் நாம் அடுத்த நூலுக்குப் போனோம்.

ஹொஸோய் வகிஸோ என்பவர் 1897-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே நெசவு வேலைக்குச் சென்று, பின்னர்ப் பஞ்சாலைகளில் உழைத்தவர். நம்மைப்போல் தாமே கற்றவர். அவர் எழுதிய "ஜோகோ ஐஷி", அதாவது "ஆலைப் பெண்களின் துயர வரலாறு", 1925-இல் வெளிவந்தது. தாமும் ஆலையில் உழைத்த அவர் மனைவியின் அனுபவமும் அந்நூலில் கலந்திருக்கிறது. நூல் வெளிவந்த சில வாரங்களில், இருபத்தெட்டாம் வயதில், ஹொஸோய் இறந்துபோனார். அவர் காட்டிய உலகை, 1990-இல் பட்ரிஷியா ட்ஸுருமி என்னும் அம்மையார் மெய்ஜி காலத்து நூற்பாலைப் பெண்களைப்பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் மேலும் விரித்துக் காட்டுகிறது.

ஓஸாகாவில் 1883-இல் ஏறத்தாழ 10,500 கதிர்களுடன் ஒரு பெரிய நூற்பாலை ஓடத் தொடங்கிற்று. விரைவில் மின்விளக்கு வந்தது. விளக்கோடு இரவு வேலையும் வந்தது. 1893-இல் பம்பாய்க்கும் ஜப்பானுக்கும் இடையே ஜப்பானியக் கப்பல் வழி திறக்கப்பட்டது. நம் நாட்டுப் பருத்தி அவ்வழியே சென்று அங்குள்ள பெண்களின் விரல்களில் நூலாயிற்று. அப்பெண்கள் பெரும்பாலும் ஏழை உழவர்களின் புதல்வியர். ஆள் சேர்ப்பவர்கள் கிராமங்களுக்குச் சென்று, நல்ல உணவு, நல்ல விடுதி, கல்வி என்றெல்லாம் ஆசை காட்டித் தந்தையின் கையில் முன்பணம் கொடுத்து அழைத்துவந்தனர். அம்முன்பணம் தீருமட்டும் பெண் ஆலைக்குக் கட்டுப்பட்டவள். பன்னிரண்டு மணி வேலை, தவற்றுக்கு அபராதம், பூட்டிய விடுதி, பகல் முறைப் பெண் எழுந்த படுக்கையில் இரவு முறைப் பெண் படுத்தல். இஷிஹாரா ஒஸாமு என்னும் மருத்துவர், ஆலைப் பெண்கள் எத்துணைப் பேர் காசநோயோடு வீடு திரும்புகின்றனர் என்பதை 1913-இல் பகிரங்கமாக எடுத்துரைத்தார். 1911-இல் ஆலைச் சட்டம் இயற்றப்பட்டு, 1916-இல் அமலுக்கு வந்தது; பெண்களின் இரவு வேலையோ 1929 வரையில் நின்றபாடில்லை.

பெனடிக்ட் அம்மையார் சொன்ன நன்றிக்கடன் இங்கே என்ன உருவம் கொண்டது பார்த்தீர்களா! ஓடிப்போனால் தந்தையின் கடன் நிற்கும், குடும்பத்தின் மானம் போகும் என்ற அச்சமே விடுதியின் பூட்டைக் காட்டிலும் வலிய பூட்டாயிற்று.

நிற்க. நம்மை இழுத்துப் பார்த்த செய்தி இனிமேல்தான் வருகிறது. இவ்விடுதிகளுக்கு ஆலை நிர்வாகத்தார் பௌத்த உபதேசகர்களை வரவழைத்தனர். வேலை முடிந்து களைத்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கு, கீழ்ப்படிதலும் பொறுமையும் நன்றியறிதலும் போதிக்கப்பட்டன.

இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் பௌர்ணமிக் கூட்டத்திற்கு ஓர் இளம்பெண் வந்திருந்தாள். ஒரு பஞ்சாலையின் விடுதியில் தங்கி உழைத்தவள். மூன்று ஆண்டு முடிந்தால்தான் மொத்தப் பணம் கிடைக்கும். அதுவரையில் வெளியே போகக் கூடாது. இரவு முறை முடித்த அன்றே மீண்டும் அழைப்பார்கள். விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போக அஞ்சினாள். "ஐயா, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். நாம் க்ஷாந்தி பாரமிதையை விளக்கி, "பொறுத்துக்கொள் மகளே, பொறுத்தவர்க்கே வெற்றி" என்று சொல்லி அனுப்பினோம். அவள் கைகுவித்து வணங்கிச் சென்றாள். அதன்பின் அவள் நம் கூட்டத்திற்கு வரவில்லை.

இன்னும் ஒன்றையும் மறைக்கலாகாது. அந்நாளில் நம் சங்கத்து மண்டபக் கூரைக்கு நன்கொடை தந்தவர்களுள், ஆலைகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஒருவரும் இருந்தார். அந்நினைவு நம் நாவைச் சற்றும் கட்டவில்லை என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஜப்பானிய விடுதியில் நின்ற உபதேசகரின் முகம் இன்னதென்று நூலில் இல்லை, கண்ணாடியில் கண்டோம்.

ஆகவே நம்முன் உள்ள கேள்வி இதுதான்: பொறுமையை யாருக்குப் போதிப்பது? யார் போதிப்பது?

"தம்மம் தூயது, அதைக் கையாண்ட மனிதர்தாம் தவறினர்" என்று சொல்லிக் கடந்து செல்வோர் உண்டு. இவ்விடை எளிது, ஆனால் நாம் இதைச் சொல்லும் உரிமையை இழந்துவிட்டோம். சாதியை நிலைநாட்டிய சமயத்தார் நம்மிடம் இதே வார்த்தையைச் சொன்னபோது, "மரம் அதன் கனியால் அறியப்படும், உங்கள் சாஸ்திரத்தின் கனியை எங்கள் முதுகில் பாருங்கள்" என்று நாம் மறுத்தோம் அல்லவா? பிறருக்கு ஒரு படி, நமக்கு ஒரு படி என்று அளப்பவன் வணிகத்திலும் கள்ளன், அறத்திலும் கள்ளன்.

அதே படியால் அளந்தால் ஜப்பானில் என்ன காண்கிறோம்? தோல் தொழிலும் பிணத்தொழிலும் செய்த மக்களை அங்கும் தீண்டத்தகாதவராக ஒதுக்கினர். 1871-இல் அரசாணை ஒன்று அவ்விழிபெயர்களை நீக்கிற்று, உள்ளத்திலிருந்து நீக்கவில்லை. ஆசிரியன் ஒருவன் தன் பிறப்பை மறைத்து வாழும் வேதனையை ஷிமஸாகி தோஸோன் 1906-இல் "ஹகாய்" என்னும் நாவலாக எழுதினார். இறந்தோர்க்குப் பிக்குகள் சூட்டும் தம்மப் பெயரிலும் பாகுபாடு புகுந்தது. ஒதுக்கப்பட்டவர்களின் கல்லறைகளில் "மிருகம்" என்று பொருள்படும் எழுத்தையும் சேர்த்துப் பெயர் பொறித்த கோவில்கள் உண்டு. உயிரோடிருந்தபோது ஊர் இழிவு செய்தது. இறந்தபின் விகாரை இழிவு செய்தது. இதைப் படிக்கும் நம் வாசகர் எவருக்கும் நெஞ்சு எரியாமலிராது. 1979-இல் உலகச் சமய மாநாடு ஒன்றில், ஸோதோ பிரிவின் தலைவர் ஒருவர் ஜப்பானில் அத்தகைய பாகுபாடே இல்லையென்று பேசி, பின்னர்த் தம் தவற்றை ஒப்புக்கொள்ளும்படி நேர்ந்தது.

ஆகையால் தூய தம்மம், தவறிய மனிதர் என்று இரண்டாகப் பிரிப்பது போதாது. எந்தப் போதனை எவ்விடத்தில் வளைந்தது என்று இழையைத் தேடிப் பிடிக்கவேண்டும். நாம் பிடித்த இழைகள் இரண்டு.

முதலாவது, வினை. முற்பிறவித் தீவினையால் இப்பிறவியில் ஏழையானாய், இழிந்தவனானாய் என்று சொல்லப்பட்டது. பகவான் அவ்வாறு சொன்னாரா? மோலிய சீவகர் என்னும் பரிவிராசகர், மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாம் பழவினையின் பயனே என்போரைக் குறித்துக் கேட்டபோது, பகவான் அக்கொள்கையைத் தவறென்றார். பித்தத்தாலும், கோழையாலும், காற்றாலும், பருவ மாறுதலாலும், பிறர் தாக்குதலாலும்கூடத் துன்பம் வரும் என்று எடுத்துக்காட்டினார். பிறர் தாக்குதலால் என்பதைக் கவனியுங்கள். அடிப்பவன் ஒருவன் எதிரே நிற்கும்போது, அடிபட்டவனின் பழைய பிறவியைத் துருவுவது தம்மமன்று.

இரண்டாவது, பொறுமை. பொறுமை என்பது ஒருவன் தன் சினத்தின்மீது தானே அடையும் வெற்றி. தன்னை வெல்பவன் தானேயன்றி, பிறன் ஒருவன் அதைக் கட்டளையிட்டு வாங்க இயலாது. உபவாசம் இருப்பவனுக்குப் பட்டினி தவம். ஆனால் உண்டு கொழுத்தவன் பிறன் இலையைப் பிடுங்கிவிட்டு, "இன்று உனக்கு உபவாசம்" என்றால் அது களவு. பகவான் உரைத்த வாய்மைகள் நான்கு. துன்பம் உண்டு என்பது ஒன்று. துன்பத்திற்குக் காரணம் உண்டு, அது நீங்கும், நீக்கும் வழி உண்டு என்பன மற்றை மூன்று. முதல் வாய்மையை மட்டும் சொல்லி, அதனோடு பொறுமையை ஒட்டி அனுப்புகிறவன் தம்மத்தைக் கால்பங்காக்கி விற்கிறான். ஜப்பானிய விடுதியில் நடந்தது அது. நம் மண்டபத்தில் நாம் செய்ததும் அதுவே.

"அப்படியானால் சினத்தைப் போதிப்பதா?" என்று கேட்கலாம். அன்று. இதற்கும் ஜப்பானின் வரலாறே விடை தருகிறது. 1922-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள், கியோட்டோ நகரில் ஒதுக்கப்பட்ட மக்கள் ஒன்றுகூடி "ஸுய்ஹெய்ஷா" என்னும் சங்கத்தை நிறுவினர். நீர்மட்டம் போன்ற சமன் என்பதே அப்பெயரின் கருத்து. அதை நிறுவியவர்களுள் முக்கியமானவரான ஸைகோ மன்கிச்சி, ஜோதோ ஷின் பிரிவைச் சேர்ந்த ஒரு கோவிலில் பிறந்தவர். அச்சங்கத்தார் அப்பிரிவின் தலைமைப் பீடமான ஹொங்கான்ஜிக்கு இனி நன்கொடை தரமாட்டோம் என்று அறிவித்தனர். தலைமுறை தலைமுறையாக ஏழை மக்களின் காசில் வளர்ந்த பீடம் அது. இக்காசை மறுப்பதில் யாதொரு கொலையும் இல்லை, வெறுப்பும் தேவையில்லை. தீமைக்கு ஒத்துழையாமையே அச்செயலின் சாரம். பொறுமையும் எதிர்ப்பும் ஓருள்ளத்தில் ஒருங்கே தங்கும் என்பதற்கு இது சான்று.

உசியாமா குதோ என்னும் ஸோதோ பிக்குவின் வரலாறும் உண்டு. குத்தகை உழவரின் வறுமை பழவினையின் பயன் என்பது மூடநம்பிக்கை என்று 1908-இல் அவர் எழுதினார். தம் கோவிலிலேயே மறைவாக அச்சிட்டார். அவருடைய பிரிவு 1910-இல் அவரைத் தள்ளிவைத்தது. அரசு 1911 ஜனவரியில் தூக்கிலிட்டது. பிரையன் விக்டோரியா என்னும் ஸோதோ பிக்கு 1997-இல் வெளியிட்ட "போரில் ஜென்" என்னும் நூல் இவ்வரலாற்றையும், பின்வந்த யுத்தங்களைப் பௌத்த குருமார் பலர் எவ்வாறு வாழ்த்தினர் என்பதையும் எடுத்துரைக்கிறது. அன்றைய பெருந்தலைவர்கள் அனைவரையும்விட, தள்ளிவைக்கப்பட்ட அந்த ஒரு பிக்குவே தம்மத்தின் இழையை அறாமல் காத்தார் என்று நமக்குத் தோன்றுகிறது.

"நம் வீட்டுக் குற்றத்தை நாமே தெருவில் சொல்லலாமா? மாற்றார் நகைப்பரே!" என்று சில பெரியவர்கள் நம்மிடம் வருந்தினர். அவர்களுக்குப் பணிவோடு நாம் சொல்வது: மழைக்காலத் தங்கலின் முடிவில் பிக்குகள் ஒருவரையொருவர் நோக்கி, தம் குற்றத்தைக் கண்டிருந்தாலும் கேட்டிருந்தாலும் ஐயுற்றிருந்தாலும் எடுத்துச் சொல்லுமாறு வேண்டும் பவாரணை முறையைப் பகவானே ஏற்படுத்தினார். குற்றம் கேட்பது நம் சமயத்திற்கு அவமானமன்று. அது நம் விரதம். ஜப்பானிலும் அவ்விரதம் மீண்டும் தளிர்த்தது. ஸோதோ பிரிவு 1992-இல் தன் போர்க்காலத் தவறுகளுக்கு வருந்தி அறிக்கை வெளியிட்டது. 1993-இல் உசியாமா குதோவை மீண்டும் தன் பிக்குவாக ஏற்றது. ரின்ஸாய் பிரிவின் மியோஷின்ஜி பீடம் 2001-இல் மன்னிப்புக் கோரிற்று. எண்பது ஆண்டு கழிந்த பின்னரேனும் தவற்றைத் தவறென்று சொல்ல முடிந்தது என்பதால்தான் அந்நாட்டுப் பௌத்தத்தின்மீது நம் மதிப்பு நிலைத்திருக்கிறது. குற்றமே செய்யாத சமயம் என்று ஒன்று இருப்பதாக நாம் நம்பவில்லை. குற்றத்தைக் கேட்கச் செவியுள்ள சமயமே நாம் வேண்டுவது.

ஆகவே வாசகர்களே, பிற நாட்டைப் பற்றிய நூல் எதைக் கற்றாலும் மூன்று கேள்விகளோடு கற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இதை எழுதியவர் எவருடைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதினார்? இதில் வாய் திறவாதிருப்பவர் யார்? இதைப் படித்தபின் நம் கையில் உள்ள எந்தக் கறை நமக்குத் தெரிகிறது? முதல் இரண்டையும் கேட்பவன் கற்றவன். மூன்றாவதையும் கேட்பவனே உபாசகன்.

அப்பெண்ணுக்கு நாம் என்ன சொல்லியிருக்கவேண்டும்? "மகளே, நீ அஞ்சுவது நியாயம். உன் துன்பத்திற்குக் காரணம் உன் பழவினையன்று. உன் கூலியைப் பிடித்துவைத்திருப்பவன். நாளைக் காலையில் தொழிலாளர் இலாகாவுக்கு நாம் உன்னோடு வருகிறோம். உன் பெற்றோரிடமும் நாமே பேசுகிறோம். வழக்கு நீளும், அப்போது உனக்குப் பொறுமை வேண்டும், நமக்கும் வேண்டும்" என்று சொல்லியிருக்கவேண்டும். சேர்ந்து சுமக்கிறவன் வாயிலிருந்து வரும்போதுதான் பொறுமை என்ற சொல் தம்மமாகிறது.

அவளுடைய ஊரைத் தேடிச் சென்றோம். அவள் குடும்பம் இடம் மாறிவிட்டதாகச் சொன்னார்கள். ஆள் சேர்ப்பவரின் நன்கொடைக்கு ஈடான தொகையை நம் உறுப்பினர்களிடம் சிறுகச் சிறுகச் சேர்த்து, சென்ற வைகாசி பௌர்ணமிக்கு முன்னர் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். பௌர்ணமிக் கூட்டத்தில் இச்செய்தி முழுவதையும் எழுந்து நின்று சொன்னோம். இப்போது எழுத்திலும் சொல்கிறோம். அவளோ அவளை அறிந்தவரோ இதைப் படிக்க நேர்ந்தால், அன்று தவறான விடை சொன்ன முதியவன் சரியான விடையோடு காத்திருக்கிறான் என்று தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.

எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்க.